ஆறு ஓட்டைகள் பொருந்தினால் போதுமா?

அமெரிக்காவில் பல்லாண்டுகளாக மிக அதிகம் விற்றுவரும் பிக்கப் வரிசையைச் சேர்ந்தது ஃபோர்டு எஃப்-150. 1996 மாடல் எஃப்-150இன் சக்கரத்தைக் கழற்றி 2003 மாடலில் மாட்டிப் பாருங்கள். இரண்டிலும் வீலைப் பிடிக்கும் மறையிட்ட தண்டுகள், அதாவது ஸ்டட்டுகள், ஐந்துதான், ஆனாலும் ஏறாது. பழைய வண்டியில் அந்த ஐந்தும் 139.7 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருக்கின்றன. 1997இல் வந்த தலைமுறையில் அந்த வட்டம் 135 மி.மீ.க்குச் சுருங்கிவிட்டது. 2004இல் வந்த அடுத்த தலைமுறையில் வட்டம் அதே 135தான், ஸ்டட்டுகள் மட்டும் ஆறாகிவிட்டன. 2015இல் அந்த ஆறும் மாறவில்லை, 135உம் மாறவில்லை. ஸ்டட்டின் மறை மாறியது. அதனால் 2014 வண்டியின் வீல் 2015 வண்டியில் ஏறும், ஆனால் நட் ஏறாது.

ஒரே பெயர் தாங்கிய ஒரு வண்டிக்குள்ளேயே இத்தனை வேறுபாடு. பழைய வீல் செட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க நினைப்பவரும், பார்க்க அழகாக இருக்கிறதென்று அலாய் வீலுக்கு மாற விரும்புபவரும் முதலில் கேட்கும் கேள்வி, “இது என் வண்டிக்குப் பொருந்துமா?” என்பதுதான். கேள்வி ஒன்றுதான் என்றாலும் அதற்குள் ஐந்தாறு அளவுகள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வோர் அளவும் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டவர், ஓட்டைகள் பொருந்தியதும் திருப்தி அடைந்துவிட மாட்டார்.

ஓட்டைகளின் வட்டம்

வீல் கடைகளில் பிசிடி என்று சொல்வது, ஸ்டட் ஓட்டைகளின் மையங்கள் வழியாக வரையப்படும் கற்பனை வட்டத்தின் விட்டத்தை. 6×139.7 என்றால் ஆறு ஓட்டைகள், 139.7 மி.மீ. வட்டம். 139.7 என்ற விநோத எண் ஐந்தரை அங்குலத்தின் மி.மீ. வடிவம். டொயோட்டா ஹைலக்ஸ், செவ்ரோலே சில்வராடோ 1500, ஃபோர்டு ரேஞ்சர் என்று உலகெங்கும் ஓடும் பல பிக்கப்களுக்கு இதே அளவுதான்.

ஆறு ஓட்டை வீலில் இதை அளப்பது எளிது. எதிரெதிரே இருக்கும் இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் விடை கிடைத்துவிடும். ஐந்து ஓட்டை வீலில் எந்த ஓட்டைக்கும் நேர் எதிரே வேறொன்று இல்லை. அங்கே அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்து, 1.701ஆல் பெருக்க வேண்டும். 82.1 மி.மீ. வந்தால் அது 139.7 வட்டம். 79.4 வந்தால் 135. இரண்டுக்கும் இடைவெளி மூன்று மி.மீ.கூட இல்லை. இன்ச் டேப்பை ஓட்டைக்கு மேலே பிடித்து உத்தேசமாக அளந்தால் தவறிவிடக்கூடிய வித்தியாசம் இது. வெர்னியர் காலிப்பரால் ஓர் ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த ஓட்டையின் இடது விளிம்பு வரை அளப்பது நம்பகமான வழி. ஓட்டைகளின் மையத்தைக் கண்ணால் தேட வேண்டியதில்லை.

வண்டியின் மாடல் ஆண்டை மட்டும் நம்பி வாங்குவதும் ஆபத்து. ராம் 1500 பிக்கப் 2019இல் புதிய வடிவம் பெற்றபோது 5×139.7இலிருந்து 6×139.7க்கு மாறியது. ஆனால் பழைய வடிவமும் ‘கிளாசிக்’ என்ற பெயரில் அதே காலத்தில் விற்பனையில் இருந்தது, ஐந்து ஸ்டட்டுகளோடு. ஆகவே ‘2019 ராம் 1500’ என்று மட்டும் சொன்னால் எந்த வீல் என்று தீர்மானிக்க முடியாது. டொயோட்டா டுண்ட்ராவும் 2022இல் 5×150இலிருந்து 6×139.7க்கு வந்துவிட்டது.

வண்டியைத் தாங்குவது எது?

மற்ற அளவுகளுக்குப் போகுமுன் ஓர் அடிப்படைக் கேள்விக்கு விடை தெரிய வேண்டும். வண்டியின் எடையை ஸ்டட்டுகள் தாங்குகின்றனவா? ஆணியில் சட்டம் தொங்குவதுபோல வண்டி ஆறு ஸ்டட்டுகளில் தொங்குகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வண்டியைத் தாங்குவது உராய்வு.

அலமாரியில் வரிசையாக நிற்கும் நாலைந்து புத்தகங்களை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே இறுக்கி அப்படியே தூக்க முடியும். நடுவில் இருக்கும் புத்தகத்தைக் கீழிருந்து யாரும் தாங்கவில்லை. பக்கவாட்டு அழுத்தம் உண்டாக்கும் உராய்வுதான் அதைப் பிடித்திருக்கிறது. சக்கரமும் அப்படியே. நட்டை முறுக்கும்போது ஸ்டட் நீள்கிறது. நீண்ட ஸ்டட் பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சி வீலின் முதுகை, அச்சு முனையில் வீல் மாட்டப்படும் ஹப்பின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. இரண்டு உலோக முகங்களுக்கும் இடையிலான உராய்வே எடையைத் தாங்குகிறது, பிரேக்கின் இழுப்பையும் குழியில் விழும் அதிர்ச்சியையும் தாங்குகிறது.

எவ்வளவு அழுத்தம் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 2015க்குப் பிந்தைய எஃப்-150இல் ஸ்டட்டின் விட்டம் 14 மி.மீ., நட்டுக்கு ஃபோர்டு சொல்லும் முறுக்கு 204 நியூட்டன் மீட்டர். எண்ணெய் படாத சுத்தமான மறையில் அந்த முறுக்கு ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஏறத்தாழ 73,000 நியூட்டன் இழுவிசையை உண்டாக்கும். அது ஏழு டன்னுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமம். ஆறு ஸ்டட்டும் சேர்ந்தால் 44 டன் அழுத்தம். உராய்வுக் குணகத்தை 0.15 என்று குறைத்தே மதிப்பிட்டாலும், சக்கரம் வழுக்குவதற்கு ஆறரை டன்னுக்கு மேல் விசை தேவை. ஒரு சக்கரத்தின்மேல் இறங்கும் வண்டி எடை சாதாரணமாக ஒரு டன்னுக்குள்தான். அவ்வளவு பெரிய பாதுகாப்பு இடைவெளி இருப்பதால்தான் குழிகளில் விழுந்தும் சக்கரம் அசையாமல் இருக்கிறது.

இவ்வளவு விசைக்கும் ஸ்டட் நீளுவது ஒரு மி.மீ.இல் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவுதான். ஹப் முகத்தில் படிந்த துரு, வீலின் முதுகில் தடிமனாக அடித்த பெயின்ட் ஆகியவற்றின் கனமும் ஏறக்குறைய அதே அளவு. வண்டி ஓட ஓடத் துரு நசுங்கி உதிர்ந்தாலும் பெயின்ட் பிதுங்கினாலும், ஸ்டட் நீண்டிருந்த அந்தச் சிறு அளவு திரும்பிவிடும். நட் ஒரு சுற்றுகூடச் சுழலாமலே அழுத்தம் போய்விடும். அழுத்தம் போனால் உராய்வும் போகும். அதற்குப் பிறகுதான் வீல் நகர ஆரம்பிக்கிறது. ஸ்டட்டுகள் முன்னும் பின்னும் வளைந்து வளைந்து, உலோகச் சோர்வில் ஒவ்வொன்றாக முறிகின்றன. ஓட்டத்தில் சக்கரம் கழலுவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நடக்கிறது. பொருத்தம் பார்ப்பது என்பது, இந்த அழுத்தம் குறையாமல் நிலைக்குமா என்று பார்ப்பதே.

நடுத்துளை

ஹப்பின் நடுவில் சற்றே துருத்திக்கொண்டிருக்கும் வட்ட விளிம்பில் வீலின் நடுத்துளை உட்காருகிறது. மேலே சொன்ன 6×139.7 வண்டிகளை இங்கே எடுத்துக்கொள்வோம். சில்வராடோ 1500க்கு நடுத்துளை 78.1 மி.மீ. 2011இல் உலகச் சந்தைக்கு வந்த ரேஞ்சருக்கு 93.1. ஹைலக்ஸுக்கு 106. மூன்றுக்கும் ஆறு ஓட்டைகள் அச்சாக ஒத்துப்போகும். ஆனால் சில்வராடோவின் வீல் ஹைலக்ஸின் ஹப்பில் நுழையவே நுழையாது. கடைசல் பட்டறையில் துளையைக் கடைந்து பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோகமும் அழுத்தம் தாங்கும் பரப்பின் பகுதியே. அதைச் சுரண்டினால் வீலை வடிவமைத்தவர் போட்ட கணக்கு செல்லாது.

மறுபக்கம், துளை பெரிதாக இருந்தால் வீல் தாராளமாக ஏறும், அந்தத் தாராளம்தான் சிக்கல். ரேஞ்சரின் ஹப்பில் 106 மி.மீ. துளை கொண்ட வீலை மாட்டினால் சுற்றிலும் ஆறரை மி.மீ. இடைவெளி. வீலை மையத்தில் நிறுத்தும் வேலை அப்போது முழுக்க நட்டுகளின் கூம்பு முனையைச் சேர்கிறது. ஆறையும் குறுக்காக, படிப்படியாக முறுக்கினால் மையம் சரியாக அமையும். வண்டியை இறக்கி, எடை ஏறிய பிறகு முறுக்கினால் வீல் ஒரு பக்கம் சரிந்தபடியே இறுகிவிடும். பிறகு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்ஸிங் மெஷினில் வீல் மையத்தில் உட்கார்ந்திருப்பதால் அங்கே குறை எதுவும் தெரியாது. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையங்கள் கிடைக்கின்றன. வெளி விட்டம் வீலின் துளைக்கும், உள் விட்டம் ஹப்புக்கும் ஒத்திருந்தால் அவை மையத்தைச் சரியாகக் காட்டும். எடையைத் தாங்கும் வேலையை அவை செய்வதில்லை, அதை உராய்வு பார்த்துக்கொள்ளும்.

நட்டும் வீலும்

வீல் வாங்குபவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது நட்டை. நட் வீலைத் தொடும் இடம் மூன்று விதமாக இருக்கும்: 60 பாகைக் கூம்பு, உருண்டை, தட்டை. டொயோட்டாவின் பல அலாய் வீல்களுக்கு வாஷரோடு கூடிய தட்டை நட்டும், இரும்பு வீல்களுக்குக் கூம்பு நட்டும் வரும். வெளியில் வாங்கும் அலாய் வீல்களில் பெரும்பாலானவை கூம்பு நட்டுக்கானவை. தட்டைப் பரப்பில் கூம்பு நட்டை முறுக்கினால் அது ஒரு மெல்லிய விளிம்பில் மட்டுமே தொடும். டன் கணக்கான அழுத்தம் அந்த விளிம்பில் குவிந்து அலுமினியம் நசுங்கும். நசுங்கினால் ஸ்டட்டின் இழுவிசை போய்விடும் என்பதை மேலே பார்த்தோம்.

மறையும் ஒத்துப்போக வேண்டும். 2014 வரையிலான ஆறு ஸ்டட் எஃப்-150இல் மறைக்கு மறை 2 மி.மீ., 2015 முதல் 1.5 மி.மீ. இரண்டுக்கும் விட்டம் 14தான் என்பதால் தவறான நட்டும் ஒன்றிரண்டு சுற்று ஏறிப் பிறகு இறுகும். ஏர் கன்னால் மேலும் அழுத்தினால் ஸ்டட்டின் மறை சிதையும். நட்டைக் கையால் சுழற்றி ஏற்றுவதே சரி. எத்தனை சுற்று ஏறுகிறது என்றும் எண்ண வேண்டும். ஸ்டட்டின் விட்டமளவு நீளமாவது மறை பிடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. 14 மி.மீ. ஸ்டட்டில் 1.5 மி.மீ. மறை என்றால் ஒன்பது சுற்றுக்கு மேல், 2 மி.மீ. மறை என்றால் ஏழு சுற்று. அலாய் வீலின் ஓட்டைப் பகுதி இரும்பு வீலைவிடத் தடிமனானது. இரும்பு வீலுக்குப் போதுமாக இருந்த ஸ்டட், அலாய் வீலுக்கு எட்டாமல் போகலாம்.

மறைக்கு எண்ணெய் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். முறுக்கில் பெரும்பங்கு மறையிலும் நட் வீலை அழுத்தும் பரப்பிலும் உள்ள உராய்வைக் கடக்கவே செலவாகிறது. எண்ணெய் அந்த உராய்வைக் குறைத்தால், அதே 204 நியூட்டன் மீட்டர் முறுக்கு 73,000க்குப் பதில் ஒரு லட்சம் நியூட்டனைத் தாண்டி ஸ்டட்டை இழுக்கக்கூடும். ஸ்டட் மீள முடியாத அளவுக்கு நீளும் எல்லையே ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் உலர்ந்த மறைக்கென்று முறுக்கைக் குறிப்பிடுகிறார்கள்.

உள்ளேயா, வெளியேயா?

வீலின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமாக இருந்தால் கூட்டல் எண், உட்பக்கமாக இருந்தால் கழித்தல் எண். எஃப்-150இன் பல மாடல்களில் ஏழரை அங்குல அகல வீல், +44 மி.மீ. ஆஃப்செட். ஏழரை அங்குலத்தில் பாதி 95 மி.மீ. ஆகவே வீல் ஹப் முகத்திலிருந்து உள்ளே 139 மி.மீ.யும், வெளியே 51 மி.மீ.யும் நீள்கிறது.

இதற்குப் பதில் ஒன்பது அங்குல அகலமும் பூஜ்ய ஆஃப்செட்டும் உள்ள வீலை மாட்டினால்? உள்ளே 114, வெளியே 114. வெளிவிளிம்பு 63 மி.மீ. வெளியே வந்துவிட்டது. மட்கார்டைத் தாண்டிச் சேறும் கல்லும் தெறிக்கும், பக்கத்து வண்டியின் கண்ணாடியையும் அந்தக் கல் உடைக்கலாம். அதே ஒன்பது அங்குல வீல் +18 ஆஃப்செட்டில் கிடைத்தால் உள்ளே 132, வெளியே 96. உட்புறம் பழைய வீலைவிட 7 மி.மீ. விலகியே நிற்கும், வெளியே 45 மி.மீ. நீளும். வாங்குமுன் இந்தக் கூட்டல் கழித்தலை ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஆஃப்செட் 44இலிருந்து பூஜ்யத்துக்குப் போனால் டயரின் நடுக்கோடு 44 மி.மீ. வெளியே தள்ளப்படுகிறது. சக்கரத்தின்மேல் 800 கிலோ எடை இருந்தால், ஹப் பேரிங்கை வளைக்கும் திருப்புவிசை 345 நியூட்டன் மீட்டர் கூடுகிறது. வண்டி அசையாமல் நின்றாலும் இந்தச் சுமை உண்டு. ஸ்டியரிங்கிலும் மாற்றம் தெரியும். முன்சக்கரம் திரும்பும் அச்சை நீட்டினால் அது தரையை ஓரிடத்தில் தொடும். டயர் தரையைத் தொடும் நடுப்புள்ளி அதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவு நீளமான நெம்புகோலாக அந்த இடைவெளி வேலை செய்கிறது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழுந்தாலும், ஒரு பக்கம் மட்டும் வழுக்குத் தரையில் பிரேக் பிடித்தாலும் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும் வேகம் கூடும்.

பிரேக்கும் சுமையும்

வீலுக்குள்ளேதான் பிரேக் டிஸ்க்கும் காலிப்பரும் இருக்கின்றன. ரிம் விட்டம் சிறியதாக இருந்தால் காலிப்பரின் மேற்பகுதி இடிக்கும், இதை எளிதில் ஊகிக்கலாம். ஊகிக்க முடியாதது ஸ்போக்கின் வளைவு. விட்டமும் அகலமும் ஆஃப்செட்டும் ஒன்றாக இருக்கும் இரண்டு வீல்களில், ஒன்றின் ஸ்போக் உட்புறம் குழிந்தும் மற்றொன்றின் ஸ்போக் தட்டையாகவும் இருக்கலாம். தட்டையான ஸ்போக் காலிப்பரின் முகத்தை உரசும். இதைக் காட்டும் எண் எதுவும் வீலில் பொறிக்கப்படுவதில்லை. காலிப்பரின் மேல் சிறுசிறு களிமண் உருண்டைகளை ஒட்டி, டயர் ஏற்றாத வெறும் வீலை மாட்டி இறுக்கி, கையால் ஒரு சுற்று சுழற்றிக் கழற்றினால், எங்கே எவ்வளவு இடைவெளி என்று நசுங்கிய களிமண் காட்டிவிடும். டயர் ஏற்றிவிட்டால் கடைக்காரர் வீலைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதால் இந்தச் சோதனையை முன்பே செய்துவிடுவது நல்லது.

சுமைத் திறன் பிக்கப்புக்கு இன்னும் முக்கியம். கார் வீலும் பிக்கப் வீலும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். வீலின் முதுகில் பொறித்த அதிகபட்சச் சுமையைப் பார்க்க வேண்டும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் பட்டியலில் பின் அச்சுக்கு 1,700 கிலோ என்றிருந்தால், ஒவ்வொரு வீலும் குறைந்தது 850 கிலோ தாங்க வேண்டும். டயருக்கும் தனி எண் உண்டு. 116 என்று அச்சிட்டிருந்தால் 1,250 கிலோ. வீல், டயர் இரண்டில் எது குறைவோ அதுதான் அந்த மூலையின் எல்லை.

இங்கே பெரிய எதிரி உலோகச் சோர்வு. 275/65 ஆர்18 டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 390 முறை சுற்றுகிறது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் நாலு கோடிச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ஸ்போக்கும் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. சுமை திறனுக்குள் இருக்கும்வரை அந்த வளைவைத் தாங்கும்படி வீல் வடிவமைக்கப்படுகிறது. மீறினால் முதல் நாளே உடையாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, சுற்றுக்குச் சுற்று வளர்ந்து, ஒருநாள் உடையும்.

டயரின் வெளிவிட்டத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 275/65 ஆர்18இன் விட்டம் 815 மி.மீ., 275/55 ஆர்20இன் விட்டம் 811. ரிம் இரண்டு அங்குலம் பெரிதானாலும் டயரின் மொத்த உயரம் அவ்வளவாக மாறவில்லை, ஆகவே வேகமானியும் பொய் சொல்லாது. 285/75 ஆர்18க்குப் போனால் 885 மி.மீ. அப்போது வேகமானி 100 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 109இல் போய்க்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது டயர் பம்பரிலோ மட்கார்டின் உள் உறையிலோ உரசவும் கூடும்.

மாட்டுகிற நாள்

எல்லா எண்களும் ஒத்துப்போன பிறகு, ஹப் முகத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். நட்டுகளைக் கையால் ஏற்றி, சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே குறுக்குக் குறுக்காக இறுக்கி, இறுதி முறுக்கை டார்க் ரெஞ்சால் கொடுக்க வேண்டும். ஏர் கன்னின் சத்தத்தை வைத்து முறுக்கைக் கணிக்க முடியாது. 160 கிலோமீட்டருக்குள் மறுபடி முறுக்கைச் சரிபார்க்கச் சொல்கிறது ஃபோர்டின் கையேடு. புதிய வீலின் பரப்புகள் ஒன்றோடொன்று படிந்து, ஸ்டட் நீண்டிருந்த அந்தப் பத்தில் ஒரு மி.மீ.யில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கும் என்பதே காரணம்.

இந்தியாவில் 2022 முதல் விற்கும் ஹைலக்ஸுக்கும் இந்தக் கணக்குகளில் ஒன்றுகூட மாறாது. இங்கே சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளரே அந்த மாடலுக்குத் தரும் வீல் அளவுகளுக்குள் தேர்ந்தெடுப்பது சட்டத்துக்கும் நல்லது, பேரிங்குக்கும் நல்லது.

வீல் விற்பவர்கள் பிசிடியோடு நிறுத்திக்கொள்ளாமல் நடுத்துளை, ஆஃப்செட், அகலம், நட்டின் வகை, சுமைத் திறன் ஆகிய எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும். தராத கடையில் கேட்டு வாங்க வேண்டும், கேட்டும் கிடைக்காவிட்டால் வேறு கடைக்குப் போக வேண்டும். டயரோடு சேர்ந்த ஒரு பிக்கப் சக்கரம் 30 கிலோவுக்கு மேல் இருக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் கழன்ற சக்கரத்துக்குப் பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. அது எதிரில் வரும் பைக்கிலோ பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள்மீதோ போய் மோதும். வீலைத் தேர்ந்தெடுத்ததில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. வாங்குபவர் அரை மணி நேரம் ஒதுக்கி அளந்து பார்ப்பது தன் வண்டிக்காக மட்டுமன்றி, அவர்களுக்காகவும்தான்.